வீடியோ போடுவதா, மனு கொடுப்பதா? பாக்கி வைக்கும் லாரி ஓனரிடம் எது எடுபடும்

போன வருடம் ஒரு ஓனரிடம் எனக்கு 38,000 ரூபாய் நின்றுபோனது. ஒரு மாதச் சம்பளம், மூன்று டிரிப் பேட்டா. கேட்டால், "மைலேஜ் வரல, டீசல்ல கழிச்சாச்சு" என்று ஒரே பதில். கூட ஓட்டும் தம்பிகள், "அண்ணே, வண்டி நம்பரைக் காட்டி ஒரு வீடியோ போடுங்க, தானா வழிக்கு வருவார்" என்றார்கள். நான் நாமக்கல்லில் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன்.

வீடியோவைக் குறைத்துச் சொல்லவில்லை. காசு செலவில்லை, லீவு போட வேண்டாம், ஒரே ராத்திரியில் ஊரெல்லாம் போய்விடும். 2024 ஜனவரி முதல் வாரத்தில் உயிர் போன விபத்தைப் போலீசுக்குச் சொல்லாமல் தப்பிப் போகும் டிரைவருக்கு 10 வருடம் வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து வட இந்தியாவில் பல இடங்களில் வண்டிகள் நின்றன. செய்தி பரவியது பெரும்பாலும் போனில்தான். அந்த 106(2) பிரிவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுத்தான் ஜூலையில் புதிய குற்றவியல் சட்டத்தை (பாரதிய நியாய சன்ஹிதா) அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே எதிரில் இருந்தது அரசாங்கம், நின்றது பல மாநில வண்டிகள். பாக்கி வைத்த ஒரு ஓனருக்கு எதிராக ஒரு டிரைவர் நிற்பது வேறு கதை.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீடியோ போட்டார். நல்ல கூட்டம் பார்த்தது. பதினைந்தாவது நாள் அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது. வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் எழுதிக் கொடுத்தார். சம்பளப் பேச்சு அதோடு போயிற்று.

வீடியோவோ மனுவோ, முடிவு செய்வது ஒரே விஷயம் என்று நினைக்கிறேன்: லோடு யாருடையது? ஊர் திட்டுவதைப் பார்த்து ஓனர் பயப்படுவதில்லை. லோடு கொடுக்கும் பார்ட்டி போன் செய்தால்தான் பயப்படுவார்.

2023-ல் ஜெர்மனியில் கிரேஃபென்ஹவுசன் என்ற நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒரு போலந்து நிறுவனத்துக்கு ஓட்டிய ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் டிரைவர்கள் சம்பளப் பாக்கிக்காக வண்டிகளை நிறுத்தினார்கள். முதலாளி காவல் ஆட்களையும் கவச வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் காட்சிகள் உலகம் முழுக்கப் பரவின. ஏப்ரல் கடைசியில் சுமார் 3 லட்சம் யூரோ கைக்கு வந்தது. சரி, முதலாளி திருந்தினாரா? ஜூலையில் அதே இடத்தில், அதே முதலாளியின் வண்டிகள், நூறு பேருக்கு மேல் மறுபடி நின்றார்கள். செப்டம்பரில் சிலர் உண்ணாவிரதமே இருந்தார்கள். அந்தச் சுற்றில் ஜெர்மன் அரசு அலுவலகம் ஒன்று, அந்த வருடம்தான் அமலுக்கு வந்திருந்த விநியோகச் சங்கிலிச் சட்டத்தை (தங்களுக்காக வேலை செய்யும் வெளி நிறுவன ஆட்களின் உரிமைக்கும் பெரிய கம்பெனிகளைப் பொறுப்பாக்கும் சட்டம்) வைத்து, சரக்குக்குச் சொந்தமான கம்பெனிகளை விசாரித்தது. எனக்கு வழி காட்டியது இந்த இரண்டாவது சுற்றுதான்.

மனுவோடு, நான் ஏற்றிய மூன்று லோடுகளின் எல்.ஆர். (சரக்கு ஏற்றியதற்கான லாரி ரசீது) நகலையும் இ-வே பில் (ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) படத்தையும் வைத்தேன். இ-வே பில்லில் அனுப்புகிறவர் பெயர், வண்டி நம்பர், தேதி எல்லாம் இருக்கும். நான் ஓட்டவே இல்லை என்று ஓனரால் சொல்ல முடியவில்லை. அதே நகல்களோடு, டிரைவர் சங்கத்தின் லெட்டர்பேடில் அந்தச் சரக்கை அனுப்பிய கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டோம். திட்டு ஒன்றும் இல்லை. "உங்கள் லோடு ஏற்றிய டிரைவருக்குக் கூலி தரப்படவில்லை" என்று மட்டும். இரண்டு சமரசத் தேதிக்கு வராத ஓனர் மூன்றாவது தேதிக்கு வந்தார். 31,000 கிடைத்தது. மிச்சம் 7,000 போனது போனதுதான், டீசல் பில் எல்லாம் அவர் கையில் இருந்தது.

மனுவிலும் குறை உண்டு. நான்கு நாள் அலைந்தேன், நான்கு நாள் கூலி போயிற்று. ஒற்றை வண்டி வைத்துத் தானும் ஓட்டுகிற சின்ன ஓனர்களிடம் இது இவ்வளவு எடுபடாது. 8 மணி நேர வேலை, வாரம் 48 மணி என்று சொன்ன 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஐந்து தொழிலாளருக்குக் குறைவான இடங்களைத் தொடவில்லை. அவர்களிடம் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்தான் வேலை செய்யும் என்று தோன்றுகிறது. ஆள் கிடைக்காமல் வண்டி நிற்கிற காலம் இது, "அங்கே ஏறாதே" என்று நாலு பேர் சொன்னாலே வலிக்கும். கேஸ் டேங்கர் நான் ஓட்டியதில்லை. அங்கே லோடு கொடுப்பது பெரிய எண்ணெய் நிறுவனங்கள் என்பதால் கடிதம் இன்னும் எடுபடலாம், ஆனால் இது என் ஊகம்தான்.

என் பழைய ஓனர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிறகு ஏறிய தம்பிக்கு மாதா மாதம் சம்பளம் வருகிறதாம், பேட்டா இன்னும் இழுக்கிறதாம். அவனிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்: தார்ப்பாய் கட்டுவதற்கு முன்னால் எல்.ஆரையும் இ-வே பில்லையும் போட்டோ எடு, டீசல் போட்டதும் அந்த பில்லையும் எடு, எல்லாவற்றையும் வீட்டுக்காரியின் போனுக்கு அனுப்பிவை.