கன்சல்டன்சியா, உதவிப் பொறியாளர் பணியா?

சிவில் படித்து, சென்னையில் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியில் (கட்டடத்தின் தூண், உத்திரங்களை வடிவமைத்துத் தரும் தனியார் நிறுவனம்) நாலைந்து வருடம் ஓட்டியவர்களுக்கு டிஎன்பிஎஸ்சி எழுதி அரசு உதவிப் பொறியாளராகும் நினைப்பு தானாக வரும். சம்பளத்தை மட்டும் வைத்துத் தராசு பிடித்தால் ஏமாந்துபோவோம்.

மாநில அரசில் உதவிப் பொறியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்கும். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. கன்சல்டன்சியில் திறமைசாலி இதைத் தாண்டிவிடலாம், ஆனால் வேலை வறண்டால் முதலில் கை வைப்பது சம்பளத்தில்தான். "அரசு வேலைன்னா பென்ஷன்" என்பவர்களுக்கு: 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை.

உண்மையான வித்தியாசம் மேசையில் தெரியும். கன்சல்டன்சியில் ஈடாப்ஸ் (கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் மென்பொருள்) மாடல். ஆர்க்கிடெக்ட் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தூணை நகர்த்துவார், மறுபடி முதலிலிருந்து. அரசுப் பணியில் எம்-புக், அதாவது செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம். கம்பி கட்டியதை, கான்கிரீட் போடும் முன் நேரில் அளந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும்; ஒப்பந்ததாரரின் பில் அதன்மேல்தான் நிற்கும். பின்னால் தணிக்கை கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். டிசைனில் ருசி கண்டவருக்கு எஸ்டிமேட்டும் கோப்பும் சலிக்கும். இடமாற்றமும் உண்டு.

தேர்வில் கட்டாயத் தமிழ்த் தாள் இருக்கிறது. 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பும் குறுக்கே நிற்கும்.

என்னைக் கேட்டால், வேலையை விடாமல் ஒரு முறை எழுதிப் பாருங்கள். சைட்டில் நிற்கப் பிடிக்காதவர் மட்டும் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம்.