எட்டு மழைக்காலம் கண்ட ஸ்நார்கலும், கழற்றிவைத்த சைலன்சரும்

என் மச்சினன் பழைய மாடல் மகிந்திரா தார் ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறான். சாவி கைக்கு வந்த அன்றே போன் செய்தான். "அத்தான், முதலில் ஸ்நார்கல் போடவா, சைலன்சரை மாற்றவா?" ஸ்நார்கல் என்பது இன்ஜினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய். போனில் சொல்லித் தீர்கிற பதில் இல்லை. இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே கடையில் மாட்டி நான்கு வருடம் ஓட்டியவன் நான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆக எட்டு மழைக்காலம் பார்த்தாயிற்று. அதனால் அவனுக்கே இதை எழுதுகிறேன்.

என் வண்டி 2016 மாடல் தார், 2.5 லிட்டர் சி.ஆர்.டி.இ. என்ற டர்போ டீசல் இன்ஜின். வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம், கடல் உப்புக் காற்றில். ரப்பர் விளை, அதாவது தோட்டம், குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில். வாரத்தில் நான்கு நாளாவது இந்த இரண்டுக்கும் நடுவே ஓட்டம். கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை, நடுவில் ஒரு ஓடை.

சைலன்சரை முதலில் சொல்லிவிடுகிறேன். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சக்கரம். டர்போ டீசலில் அதைத் தாண்டிய புகை எவ்வளவு தடையில்லாமல் வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. கடைக்காரர் இரண்டரை அங்குலக் குழாயும், சத்தத்தை அடக்கும் சின்ன மஃப்ளரும் போட்டுத் தந்தார். சொன்னதெல்லாம் நடந்தது. டர்போ முன்கூட்டியே விழித்துக்கொண்டது. முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறிய விளை ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறினேன். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று (ஆர்.பி.எம்.) தொட்டதும் ஒரு ரீங்காரம் கிளம்பும். 2,100 தாண்டினால் அடங்கிவிடும். செம்மண் பாதையிலும் சரி, தக்கலை, குலசேகரம் சாலையிலும் சரி, என் வண்டி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான் ஓடுகிறது. அந்தச் சத்தம் காதில் விழுவதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் தெரியும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பார்கள். அந்த அமைதியை நான் போய்க் கிழிப்பேன். பொறுத்துக்கொண்டேன், பழகிவிடும் என்றிருந்தேன். பழகவில்லை.

என் அப்பா முன்சீட்டில் வருவார். எழுபத்தைந்து வயது. விளைக்குப் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிற மனிதர். சைலன்சர் மாற்றிய பிறகு பேச்சு குறைந்துபோனதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் மஃப்ளரின் வெல்டிங் வாய் துருப்பிடித்து விரிந்தது. உப்புக்காற்று, வேறென்ன. ஒட்டவைக்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் என்று சொல்லி, வீட்டில் கிடந்த பழைய சைலன்சரையே மாட்டச் சொன்னேன். மறுநாள் திற்பரப்பு விலக்கு தாண்டியதும் அப்பா, "அந்த அயனி மரம் இன்னும் நிற்கிறதே" என்றார். விளை வரைக்கும் பேசினார். ஒட்டவைத்த சைலன்சரை வாங்கிவர நான் போகவே இல்லை.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடு.

இனி ஸ்நார்கல். அதன்மேல் எனக்குள்ள கோபத்தைச் சொன்னால் நீளும். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்குப் போயிருக்கிறாயா? காற்றாலைகள் வெறிகொண்டு சுற்றும் அந்த நாட்களில், குறுக்கே அடிக்கிற காற்று ஸ்நார்கல் வாயில் பட்டு, காலிப் பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல ஊளையிடும். முப்பந்தல் தாண்டும்வரை ஒரே சுருதி. ஸ்நார்கலின் தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். சுருதிதான் மாறுகிறது. தை, மாசியில் ரப்பர் இலை கொட்டும்போது அதன் வாயிலுள்ள வலையில் காய்ந்த இலை அப்பிக்கொள்ளும். இறங்கிக் கையால் வழிக்க வேண்டும்.

இவையெல்லாம் பொறுத்துப்போகிற விஷயங்கள். பொறுக்க முடியாதது மாட்டிக் கொடுத்த விதம். ஏழெட்டு மாதம் ஓட்டிய பிறகு எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் விளைக்கு வந்திருந்தார். "தண்ணீரில் இறக்குகிறாயே, சோதித்தாயா?" என்று கேட்டார். கொடியில் காய்ந்த ரப்பர் ஷீட் ஒன்றை உருவினார், நாலாக மடித்தார், இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஸ்நார்கல் வாயில் வைத்து அழுத்தினார். எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தால் இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. சத்தம்கூடக் குறையவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் ஹோஸ் இணைப்பில் கிளாம்ப் இல்லை, இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். ஃபில்டர் உட்காரும் ஏர் பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிகிற துளை அப்படியே திறந்திருந்தது. அதாவது ஏழெட்டு மாதமாக என் இன்ஜின் மூச்சுவிட்டது இடுப்பளவு உயரத்தில். ஸ்நார்கல் வெறும் அலங்காரம். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் போயிற்று. அந்த ஐப்பசியில் நான் ஓடையைக் கடந்த இரண்டு தடவைகளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு கிளாம்ப், ஒரு ரப்பர் மூடி. முன்னூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

அதே கடையில் எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரும் தலையில் கட்டினார்கள். கழுவிக் கழுவி ஆயுள் முழுக்கப் போடலாம் என்றார்கள். ஒரு கோடை முடிந்து, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயைக் கழற்றி உள்ளே விரலை ஓட்டினேன். விரலில் குங்குமம்போலச் செம்மண், எண்ணெய்ப் பிசுக்கோடு. அந்தத் தூசி நேரே டர்போவின் சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் கொஞ்சம் கூடினால் காற்றின் அளவைப் பார்க்கிற சென்சாரிலும் படியும். அன்றே காகித ஃபில்டருக்குத் திரும்பினேன். உன்னிடமும் யாராவது பானெட்டுக்குள் திறந்து நிற்கிற கூம்பு ஃபில்டரைக் காட்டுவார்கள். வாங்காதே. அது இன்ஜின் சூட்டைத்தான் உறிஞ்சும். காற்று பத்து டிகிரி சூடேறினால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறைந்துபோகும், லாபம் எங்கே?

ஸ்நார்கல் எனக்கு உண்மையில் தந்தது என்ன என்றால், தூசி. பங்குனி, சித்திரையில் கல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் போகிறபோது, தரையோடு புரளும் புழுதிக்கு மேலே இருந்து அது காற்றை எடுக்கிறது. முன்பு 5,000 கிலோமீட்டரில் சிவந்துபோகும் காகிதம் இப்போது பத்தாயிரத்திலும் தட்டிப் போடும் நிலையில் இருக்கிறது. கிளாம்ப் போட்ட பிறகு எட்டாயிரத்தில் ஒரு முறை குழாய்க்குள் விரலை ஓட்டினேன். விரல் சுத்தமாக வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

தண்ணீரில் இறங்க ஸ்நார்கல் மட்டும் போதாது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலின் நடுவில் உள்ள கியர் கூடு) குளிர்ந்த ஓடையில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆயில் மோர்போல வெளுத்துவிடும். ஆகவே இரண்டு ஆக்ஸிலுக்கும் கியர்பாக்ஸுக்கும் காற்றுப்போக்கிக் குழாயான பிரீதர் ஹோஸை நீட்டிப் பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டு. பேச்சிப்பாறை அணை திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், எதை மாட்டியிருந்தாலும் வண்டியைத் தரைப்பாலத்தில் இறக்காதே. ஓடுகிற தண்ணீர் வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடும்.

இவ்வளவு திட்டியும் ஸ்நார்கலை நான் கழற்றப் போவதில்லை. நீயும் போட்டுக்கொள். சைலன்சரில் கை வைக்காதே. என் மாமனார் உன் வண்டியிலும் முன்சீட்டில்தானே வருவார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை விளைக்குக் கொண்டு வா. ரப்பர் ஷீட் கொடியில் இருக்கிறது.