முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் சின்னப் படகு: அப்பாவோடு ஒரு காலை

பொங்கல் முடிந்த நாலாம் நாள் அப்பாவை முத்துப்பேட்டைக்கு, ஆறுகள் கடலில் சேரும் இடத்துச் சேற்றில் வளர்ந்திருக்கும் அலையாத்திக் காட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 79 வயது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து கோரையாறும் பாமணியாறும் கிளம்புகிற இடத்தை அவர் ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பார். ஷட்டரை எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே சைக்கிள் மிதித்துப் போய் வருவார். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வருடங்களில் ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தரோடு மதகில் உட்கார்ந்திருப்பார். அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

நான் போன வருடமே ஒரு முறை முயன்றேன். பள்ளிக்கூடத்துத் தோழிகளோடு வேறொருவர் மூலம் ஏற்பாடு செய்து போனோம். ஒரே படகில் பதினாலு பேர். கிளம்பவே பதினோரு மணி ஆகிவிட்டது. ஸ்பீக்கரில் பாட்டு வேறு. உச்சி வெயிலில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்ததால் உள் வாய்க்கால் எதிலும் படகு நுழையவில்லை. பெரிய ஆற்றிலேயே போய், தூரத்தில் பச்சையாக ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு, தலைவலியோடு திரும்பினோம். அதனால் இந்தத் தடவை எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு விஷயம்: சின்னப் படகு, சரியான நேரம்.

இரண்டும் கிடைத்தன. படகுக்காரர் நண்டு வலை போடுகிற மீனவர். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் விட்டுவிடுகிறேன். போனில் பேசியபோது எந்த நாள் என்று நான் சொன்னதும், எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால், "அன்னைக்கு என்ன திதி?" என்று கேட்டார். பஞ்சாங்கம் புரட்டும் சத்தம் போனிலேயே கேட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக ஏறும், அதே அளவுக்கு இறங்கவும் செய்யும். அட்டமி பக்கத்தில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே தள்ளிப் போகிறது. "ஏத்தத்துல உள்ள போயிடணும் அக்கா, வத்தம் பிடிக்கிறதுக்குள்ள வெளிய வந்துடணும். இல்லைன்னா அடுத்த ஏத்தம் வரைக்கும் சேத்துலதான்" என்றார். காலை ஆறரைக்குத் துறையில் இருக்கச் சொன்னார். அந்தப் பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மன்னார்குடியிலிருந்து காரில் கிளம்பி விடிகிற நேரத்துக்குப் படகுத்துறை இருக்கிற ஜாம்பவானோடைக்குப் போய்ச் சேர்ந்தோம். ரயிலில் வருபவர்களுக்கு முத்துப்பேட்டை நிலையம் திருவாரூர்–காரைக்குடி பாதையில் இருக்கிறது. இது காப்புக் காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அனுமதிக்கு வேண்டிய அடையாள அட்டை நகல்களை முந்தின நாளே படகுக்காரர் வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டார். நான்கு பேருக்கு, மூன்றரை மணி நேரத்துக்கு, டீசல் உள்பட 2,000 ரூபாய் கொடுத்தோம். எனக்கு அது நியாயமான கூலியாகவே பட்டது. அவர் அன்றைய வலையை விட்டுவிட்டுத்தான் எங்களோடு வந்தார்.

படகு ஃபைபர். நீளம் இருபது அடி இருக்கலாம். பின்னால் ஒரு என்ஜின், ஓரத்தில் ஒரு துடுப்பு, பதினைந்து அடி நீளத்தில் ஒரு மூங்கில் கழி. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உயிர்காப்புச் சட்டைகள் நாலில் ஒன்றுக்குக் கொக்கி உடைந்திருந்தது, கயிற்றால்தான் கட்டிக்கொண்டோம். இதை அவர் மாற்றியே ஆக வேண்டும், அவரிடமும் சொன்னேன். நிழலுக்கு எதுவும் கிடையாது. உட்காரப் பலகை மட்டும்தான், ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும், ஒரு தலையணை எடுத்துப் போங்கள். ஏறும் இடம் வழுக்கல் சேறு. அப்பாவைப் படகுக்காரரும் என் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் ஏற்றினார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பலகை போட்டு வைக்கிறார்.

கோரையாற்றில் முதல் அரை மணி நேரம் என்ஜினில்தான் போனோம். இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள். இந்தக் காட்டில் பெரும்பாலும் அந்த ஒரே மரம்தான், நடுநடுவே தில்லையும் நரிக்கண்டலும். தில்லை மரத்தைக் காட்டி, பால் கண்ணில் பட்டுவிடப் போகிறது, தொடாதீர்கள் என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான் என்று நான் பாடம் நடத்த, அப்பா, "கிளையை ஒடிக்காம வா, அது போதும்" என்றார்.

அப்புறம் ஒரு வளைவில் என்ஜினை நிறுத்தினார். நான் கொடுத்த பணம் அந்த நிமிடத்திலிருந்து கிடைத்ததற்குத்தான் என்று சொல்வேன். சத்தம் அடங்கியதும் சேற்றுக்குள்ளிருந்து சின்னச் சின்னதாகப் 'பட் பட்' என்று கேட்டது. கழியை ஊன்றி ஊன்றி, ஆறடி அகலம்கூட இல்லாத ஒரு வாய்க்காலுக்குள் படகைத் தள்ளினார். தலைக்கு மேல் கிளைகள் கூடிவிட்டன. இரு பக்கமும் காற்றுக்காகச் சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள், நாற்றங்காலில் நாற்று முளைத்த மாதிரி நெருக்கமாக. ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள் எங்களைப் பார்த்ததும் வளைக்குள் போய், படகு தாண்டியதும் திரும்ப வெளியே வந்தன. சேற்றின் மேலேயே தத்திப் போகிற மீன்களைப் பார்த்து என் தம்பி பெண், எட்டு வயது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அலையாத்தி இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னார் படகுக்காரர். உப்பு. வேண்டாத உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறதாம்.

அந்த வாய்க்கால்கள் பல தானாக உண்டானவை இல்லை, வெட்டியவை. முன்பு காட்டைக் கூறு போட்டு மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை இறங்கிப் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, வெயிலில் காய்ந்து உப்பு ஏறிவிட்டது. அங்கே எந்த விதையும் பிழைக்கவில்லை. ஏற்றவற்றத் தண்ணீர் உள்ளே வந்து போக வழி செய்தால் போதும் என்று மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கரையில் கன்று வைத்தார்கள். இதை வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்து ஆட்களோடு சேர்ந்து செய்தன. தானும் சின்ன வயதில் அந்த வாய்க்கால் வெட்டும் வேலைக்குப் போனதாகப் படகுக்காரர் சொன்னார். அப்பாவுக்கு அது உடனே பிடிபட்டது. "கன்னி வாய்க்கா மாதிரி. வடிகால் இல்லாட்டி நெல்லும்தான் அழுகும்" என்றார். இரண்டு பேரும் பழைய கூட்டாளிகள் போல வாய்க்கால் சரிவு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டே வந்தோம்.

வாய்க்கால் முடிகிற இடத்தில் காடு சட்டென்று விலகி லகூன், அதாவது கடலோரக் காயல், திறந்தது. எதிர்க் கரை தெரியவில்லை. அவ்வளவு பரப்பிலும் ஆழம் இடுப்பளவுதான். ஒரு மணல் திட்டில் படகு தட்டியபோது அவர் இறங்கி நின்றே தள்ளினார். தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன, ஐம்பதுக்கு மேல் எண்ணினேன். கோடியக்கரையோடு சேர்த்து இந்தக் காட்டையும் 2002-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்திருக்கிறார்கள். போன வருடம் பறவைக்குப் பக்கத்திலேயே படகை ஓட்டிப் பறக்கவிட்டு போட்டோ எடுத்தோம், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இவர் நூறு அடிக்கு முன்பாகவே நிறுத்திவிட்டார். நான் கேட்டும் கிட்டப் போகவில்லை. அதற்காகவே இன்னொரு முறை இவரிடம் போவேன்.

திரும்பும் வழியில் ஓரிடத்தில் காய்ந்த மரங்கள் கூட்டமாக நின்றன. 2018 நவம்பர் 16 கஜாப் புயலில் முறிந்தவை. அன்று எங்கள் கொல்லையில் விழுந்த தென்னைகள் முப்பத்திரண்டு. அப்பா அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடியில் இடுப்பளவுக்குப் புதுக் கன்றுகள் வந்திருக்கின்றன என்று படகுக்காரர் காட்டினார்.

அப்பா வழியெல்லாம் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். துறைக்குப் பக்கத்தில் லேசான கரிப்பு, லகூனில் முழு உப்பு. "எந்த இடத்துல நம்ம தண்ணி முடியுது?" என்று கேட்டார். அப்படி ஒரு கோடு கிடையாது ஐயா என்றார் படகுக்காரர். ஆற்றில் படகை நிறுத்தி, ஒரு பாட்டிலைத் தக்கையால் அடைத்துக் கழி நுனியில் கட்டி அடி வரை இறக்கினார். தக்கையில் கட்டிய நூலை இழுத்ததும் குமிழி வந்தது. மேலே கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். மேல் தண்ணீர் லேசான கரிப்பு, அடித் தண்ணீர் நல்ல உப்பு. ஆற்றுத் தண்ணீர் கனம் குறைவு, அது மேலே போகும்போதே கடல் தண்ணீர் அடியில் உள்ளே வரும் என்று விளக்கினார்.

அப்பா ஆயுசு முழுக்க ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர்: கடலுக்குப் போகிற தண்ணீர் வீண். அதையே அங்கேயும் சொன்னார். "நல்ல தண்ணி வராத வருஷம் எறா இல்லை ஐயா, கொடுவா இல்லை. மரமும் குட்டையா நிக்கும். எங்களுக்கும் அதான் பாசனம்" என்றார் படகுக்காரர். அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுக்கே பத்தலையே தம்பி" என்றார். "தெரியும் ஐயா" என்றார் அவர். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் அதற்குமேல் வார்த்தை இல்லை.

போகிறவர்கள் கவனிக்க: தை, மாசி நல்ல காலம், பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கும். உள்ளே கழிப்பறை கிடையாது, தண்ணீர் நீங்கள்தான் எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் உறை எதையும் படகில் பிரிக்க விடமாட்டார், வீட்டிலிருந்தே டப்பாவில் போட்டு வாருங்கள். யாரிடம் படகு எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் ஏற்றுவீர்கள், ஏற்றம் எத்தனை மணிக்கு, வாய்க்காலுக்குள் என்ஜினை நிறுத்துவீர்களா. இரண்டாவது கேள்விக்கு "எப்ப வேணாலும் வாங்க" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

பத்து மணிக்குக் கரையேறினோம். காருக்குப் போன அப்பா திரும்பி வந்து, மேட்டூரை 28-ஆம் தேதி மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் அதே இடத்தில் மேல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்டார். சித்திரையில் வந்து பாருங்கள் ஐயா, அதே பாட்டிலை வைத்திருக்கிறேன் என்றார் படகுக்காரர். நேற்று அப்பா சித்திரை மாதப் பஞ்சாங்கத்தில் பௌர்ணமியைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.