அம்மாவின் கோலத்துக்கு ஒரு கேமரா: கேனன் இக்ஸஸ் 190

அம்மாவிடம் நாலு கோல நோட்டு இருக்கிறது. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்த காலத்தில் மிச்சமான கோடு போட்ட நோட்டுகள். புள்ளிக் கணக்கு மேலே, கோலம் கீழே. '15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை' என்று நீலப் பேனாவில் எழுதியிருப்பார். ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் மார்கழியில், வாசலில் போட்ட கோலத்தையெல்லாம் படமாகவும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். போன் இருக்கிறதே என்றேன். "மாவுக் கையோட அதைத் தொட்டா எதுவும் நகர மாட்டேங்குதுடி. இடம் இல்லைனு வேற சொல்லுது. எடுத்த படத்தைத் தேடுனா குட்மார்னிங் ரோஜாப்பூதான் வருது" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். படம் எடுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாத, பொத்தானை அழுத்தினால் எடுக்கிற ஒரு பொருள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் 8,000 ரூபாய்க்குள் தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதம் தேடி, ஒரு தடவை ஏமாந்து, கடைசியில் வாங்கியது பழைய கேனன் இக்ஸஸ் 190. ஒரு மார்கழி முழுக்க அம்மா அதை உபயோகித்த பிறகு இதை எழுதுகிறேன்.

இந்த விலையில் புதிதாகத் தேடினால் முதலில் கண்ணில் படுவது 48 மெகாபிக்சல், 64 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம் என்று போட்டிருக்கும் பேர் தெரியாத கேமராக்கள்தான். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பலவற்றில் லென்ஸ் அசையவே அசையாது. அந்த 16 மடங்கு என்பது எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. மெகாபிக்சல் கணக்கும் பெரும்பாலும் சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். விவரத்தில் 'ஆப்டிகல் ஜூம்' (லென்ஸே நகர்ந்து பெரிதாக்குவது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வேண்டாம்.

நல்ல கம்பெனிகள் இந்த விலைக் கேமராக்களைச் செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. போனே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. இப்போது இளவட்டங்களுக்குப் பழைய டிஜிட்டல் கேமரா மேல் மோகம் வந்து, பழசின் விலையும் ஏறிவிட்டது. கேனன் 2016ல் விட்ட ஒரு சின்னக் கேமராவையே 2025ல் லேசாக மாற்றி மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அப்போது அதன் விலை 379 டாலர். நம் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. அதனால் பழசுதான் என்று முடிவு செய்தேன்.

மூன்று கேமராக்கள் கடைசிவரை போட்டியில் இருந்தன. சோனி டபிள்யூ 830, கோடக் எஃப்இசட் 55, இந்த இக்ஸஸ் 190. கோடக் இன்றும் புதிதாகக் கிடைக்கிற கேமரா. அந்தப் பெயருக்கு உரிமம் வாங்கி ஜேகே இமேஜிங் என்ற நிறுவனம் விற்கிறது. வீடியோ மற்ற இரண்டையும் விட நன்றாக வரும். ஆனால் கை நடுக்கத்தை லென்ஸிலேயே சரிசெய்யும் வசதி அதில் இல்லை. அம்மாவுக்கு 61 வயது. விடியற்காலை அரையிருட்டில் எடுக்கப் போகிறார். அந்த வசதி இல்லாமல் முடியாது. சோனியில் அது உண்டு, இக்ஸஸ் 190லும் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: இதோடு கூடவே 2017ல் வந்த இக்ஸஸ் 185 பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். அதில் இந்த வசதி கிடையாது. பெயரில் கடைசி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது அகலம். கோலம் எடுக்க நினைப்பவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. மற்றவர்களுக்கும் சின்ன அறையில் குடும்பத்தோடு படம் எடுக்கும்போது உதவும். லென்ஸ் விவரத்தில் 24 மிமீ, 28 மிமீ என்று இருக்கும். எண் குறையக் குறைய அதிக இடம் படத்துக்குள் வரும். அம்மா நின்றபடி கையை நீட்டி நேர்கீழாகப் பார்த்து எடுத்தால் கேமரா தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து 24 மிமீ லென்ஸில் ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல் அகலம் விழுகிறது. 28 மிமீ என்றால் ஆறடிக்கு நாலரையடிதான். எங்கள் வாசலில் 15 புள்ளிக் கோலம் ஏறக்குறைய ஐந்தடி வரும். கோடக்கில் செம்மண் கரை வெட்டுப்பட்டுவிடும். இக்ஸஸ் 190ல் முழுசாக அடங்குகிறது. சோனி 25 மிமீ, அதுவும் சமாளித்துவிடும். ஆனால் அதில் வைஃபை இல்லை. படங்களைப் போனுக்கு மாற்றி எனக்கு அனுப்ப வேண்டும் என்பது அம்மா சொன்ன ஒரே நிபந்தனை.

முதலில் வாங்கியது எப்படிக் கெட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய கேமராக் கடையிலிருந்து போட்டோவை மட்டும் பார்த்து கூரியரில் வரவழைத்தேன். மூன்றாம் நாள் லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது. திரையில் 'லென்ஸ் எரர்' என்று வந்தது. அணைத்துப் போட்டாலும் அதே. கடைக்குப் பேசினால், விற்ற பிறகு பொறுப்பில்லை என்றார்கள். 5,200 ரூபாய் போனது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, "நோட்டுல வரைஞ்சுக்கறேன், விடு" என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

இரண்டாவது தடவை நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினேன். ஸ்டுடியோவை மூடப்போகிற ஒருவர் வைத்திருந்தார். பெட்டி, சார்ஜர், ஒரிஜினல் பேட்டரியோடு 7,500 ரூபாய். அவர் முன்னாலேயே பத்துத் தடவை ஆன் செய்து அணைத்தேன். ஒவ்வொரு முறையும் லென்ஸ் கரகரவென்ற சத்தம் இல்லாமல், தயங்காமல் வெளியே வந்து உள்ளே போகவேண்டும். பிறகு ஜூமைக் கடைசி வரை இழுத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே தூசி போயிருந்தால் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். பேட்டரி மூடியைத் திறந்து, தகட்டில் பச்சை பூத்திருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா, மூடியின் கொக்கி உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபிளாஷ் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

இதை விடப் பழைய கேமராக்களைப் பார்ப்பவர்கள் மெமரி கார்டையும் கவனியுங்கள். பழைய சோனிகளில் மெமரி ஸ்டிக்கும், பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்களில் எக்ஸ்டி கார்டும் இருக்கும். இன்று அவற்றைத் தேடி அலைய வேண்டும். 2006க்கு முந்தைய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேல் எஸ்டி கார்டை எடுத்துக்கொள்ளாது. இக்ஸஸ் 190க்குச் சாதாரண எஸ்டி கார்டு போதும். 16 ஜிபி போட்டுக் கொடுத்தேன்; அம்மாவுக்கு அதுவே பல மார்கழி வரும். பேட்டரி என்பி 11 எல். இக்ஸஸ் வரிசையில் நிறைய கேமராக்களுக்கு இதே பேட்டரிதான், அதனால் கிடைப்பதில் சிரமமில்லை.

கேமரா கையில் வந்ததும் அம்மா எடை பார்ப்பது போல உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். 140 கிராம்கூட இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது மூன்றுதான்: ஆன் பொத்தான், பாதி அழுத்திப் பச்சைக் கட்டம் வந்ததும் முழுசாக அழுத்துவது, எங்கேயாவது மாட்டிக்கொண்டால் 'ஆட்டோ' பொத்தான். அந்தக் கடைசிப் பொத்தான்தான் கற்றுக்கொள்பவர்களுக்கு இந்தக் கேமராவில் இருக்கும் பெரிய வரம். எந்த அமைப்பைத் தெரியாமல் மாற்றிவிட்டாலும் அதை அழுத்தினால் பழையபடி எடுக்கலாம். அந்தத் தைரியம் வந்த பிறகு அம்மா மற்ற பொத்தான்களையும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

மார்கழி முதல் நாள் எடுத்த படங்கள் சரியாக வரவில்லை. சாணம் தெளித்த ஈர வாசலில் ஃபிளாஷ் பட்டு, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. மின்னல் குறியைத் தட்டி ஃபிளாஷை அணைக்கச் சொன்னேன். அப்போதும் "கோடெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தடிச்சுத் தெரியுதே" என்றார். படத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. படத்தில் பெரும்பகுதி கருத்த தரை. கேமரா அதைப் பார்த்து, இருட்டாக இருக்கிறது என்று வெளிச்சத்தைக் கூட்டுகிறது. தரை வெளிறுகிறது, மாவுக் கோடு ஒரேயடியாக வெளுத்துப் போகிறது. 'பி' என்ற முறைக்குப் போனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதை ஒரு படி கீழே, மைனஸ் 1ல் வைக்கச் சொன்னேன். மறுநாள் வந்த படத்தில் தரை தரையின் நிறத்தில், கோடு கோட்டின் நிறத்தில். விரலிடுக்கிலிருந்து மாவு விழும்போது தொடக்கத்தில் கொஞ்சம் குவிந்து பிறகு மெலியுமே, அதுகூடத் தெரிந்தது. அம்மா இப்போது அதை 'ஒண்ணு கீழே' என்று சொல்கிறார். எதிர்வீட்டு அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஐந்து மணி இருட்டில், தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் படம் மணல் தூவியது போல இருக்கிறது. இதில் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. அந்த நேரத்தில் என் போன் இதைவிட நன்றாக எடுக்கிறது. அம்மா ஆறரை மணிக்கு மேல், சூரியன் எழுந்தும் வெயில் வாசலுக்கு வராத நேரத்தில் எடுக்கிறார். அப்போது நிறம் அவ்வளவு அழகு. செம்மண் செம்மண்ணாகவே வருகிறது, போனில் வருவது போல ஆரஞ்சாக ஆவதில்லை. கை நடுங்கினால் 2 விநாடி டைமர் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். வீடியோ 720பி தான், தெளிவு குறைவு. பேரனின் ஆண்டு விழாவை எடுக்க வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஒரு சார்ஜுக்கு 190 படம் என்பது கோலத்துக்குப் போதும், சுற்றுலாவுக்கு இன்னொரு பேட்டரி வேண்டும். திரையும் உச்சிவெயிலில் சரியாகத் தெரியாது. ஓடியாடும் குழந்தைகளை எடுக்க நினைப்பவர்களுக்கும் இது கொஞ்சம் மந்தம்.

வைஃபை முதல் தடவை போனோடு சேர்க்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் அம்மாவே அனுப்புகிறார். மார்கழி 29 நாளில் 27 கோலம் எனக்கு வந்தது. இரண்டு நாள் மழை.

தை பிறந்த பிறகு ஊருக்குப் போனபோது ஐந்தாவது நோட்டு ஒன்று மேசையில் இருந்தது. கும்பகோணத்து ஸ்டுடியோ ஒன்றில் படங்களை பிரிண்ட் போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் நீலப் பேனாவில் புள்ளிக் கணக்கு. கீழே சின்ன எழுத்தில், 'ஒண்ணு கீழே'.