விமான தூரம் காட்டும் ஆப்: தூரம் சரி, நேரம்தான் தலைவலி

"ஆப் ஏழு மணி நேரம் என்கிறது, டிக்கெட்டில் எட்டு போட்டிருக்கிறதே, எது சரி?" என்று நண்பர் கேட்டார். டிக்கெட்தான் சரி. பல வருடமாக இந்த ஆப்பைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில், ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தூரக் கணக்கில் குறை சொல்ல இடமில்லை. நியூயார்க் ஜேஎஃப்கே – லண்டன் ஹீத்ரோ என்று போட்டால் சுமார் 5,554 கி.மீ. வரும். பூமியை உருண்டையாக வைத்துக் கணக்கிட்டாலும் பிழை அரை சதவீதத்தைத் தாண்டாது. அலகை மட்டும் கவனியுங்கள். இதே தூரம் மைலில் 3,451, கடல் மைலில் 2,999. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஊர்ப் பெயருக்குப் பதில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை (JFK, LHR போல) போடுவது நல்லது. வெறும் 'லண்டன்' என்றால் எந்த விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

எரிச்சல் எல்லாம் நேரத்தில்தான். ஆப் செய்வது ஒரே ஒரு வகுத்தல்: தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்க்கிறது. 5,554-க்கு 7 மணி 2 நிமிடம் வருகிறது. போகவும் அதுவே, வரவும் அதுவே! சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அந்தக் காற்று மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் அடிப்பது சாதாரணம். அதனால் லண்டன் போகும்போது அட்டவணையில் ஏழு மணி நேரம், திரும்பும்போது எட்டு. கேட்டிலிருந்து விமானம் நகர்ந்தது முதல் மறுமுனைக் கேட்டில் நிற்கும் வரை டிக்கெட் கணக்கு. ரன்வேக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம். காற்றையே பார்க்காத கணக்குக்கு அந்த 2 நிமிடத் துல்லியம் எதற்கு?

ஹெல்சிங்கி – டோக்கியோ இன்னும் மோசம். வகுத்தல் கணக்கில் ஒன்பதரை மணி நேரம் சொச்சம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஐரோப்பிய விமானங்கள் சுற்றிப் போகின்றன. சுமார் 13 மணி நேரம் ஆகிறது. ஆப்பின் வரைபடத்தில் கோடு இன்றும் சைபீரியா மேலேதான் போகிறது.

இறங்கும் உள்ளூர் நேரத்தையும் கைக்கணக்கில் ஒருமுறை சரிபாருங்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலும், பிரிட்டன் அதே மாதக் கடைசி ஞாயிறிலும் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகின்றன. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். ஆப்புக்கு வருடம் முழுக்க 5.

கனெக்ஷன் விமானம் இருந்தால் இந்த நேரத்தை வைத்து டிக்கெட் போடவே போடாதீர்கள். அதே வழித்தடத்தின் அட்டவணையை, போகும் திசைக்கு, போகும் மாதத்துக்குப் பாருங்கள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். தூரத்துக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுத்திருப்பேன். நாளைக்கும் இதைத்தான் திறக்கப்போகிறேன். ஆனால் அந்த 7:02-ஐப் பார்த்துவிட்டு மூன்றாவது போட மனசு வரவில்லை.