பழைய படத்தில் ஜெர்மன் சீருடை: நிறத்தை நம்பாதீர்கள், தையலை நம்புங்கள்

1914–18, 1939–45 ஆகிய இரண்டு போர்களின் ஜெர்மன் சிப்பாய் படங்களைப் படிப்பதற்கு லூப்பு, ஸ்கேனர், வண்ணமேற்றும் செயலி என்று பலவற்றைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நீண்ட நாள் புழக்கத்தில் எது நின்றது, எது காலை வாரியது என்பதை இங்கே வைக்கிறோம். படம் கருப்பு வெள்ளை, சீருடை விதிகளோ முக்கால்வாசி நிறத்தைப் பற்றியவை. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முரணில்தான் தொடங்குகின்றன.

முதலில் கருவிகள். நகைக்கடைக்காரர் கண்ணில் செருகிக்கொள்ளும் 10 மடங்கு லூப்பு போதும். 20 மடங்குக்குப் போனால் பொத்தான் தெரியாது, காகிதத்தின் துகள்தான் தெரியும். ஸ்கேனரில் 9×14 செ.மீ. தபால் அட்டைப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), 6×9 செ.மீ. சிறு படத்துக்கு 1200 டிபிஐ வைத்தால் சரியாக இருக்கும். 6×9 படம் 1200-ல் சுமார் 2,800 × 4,250 புள்ளிகளாக வரும், தோள்பட்டியில் எண் இருந்தால் அதில் தெரிந்துவிடும். கருப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேயில் ஸ்கேன் செய்யாமல் வண்ணத்திலேயே செய்து, டிஃப் கோப்பாக வையுங்கள். மஞ்சளாக மங்கிய படத்தில் நீலச் சேனலை, அதாவது கோப்பின் நீல நிறப் பகுதியை, மட்டும் பிரித்துப் பார்த்தால் மறைந்த விவரம் மேலே வரும். பழுப்புக் கறை படிந்த படத்தில் அதே நீலச் சேனல் கறையையும் பெரிதாக்கிவிடும். அங்கே சிவப்புச் சேனல் உதவும்.

ஸ்கேனர் மென்பொருளில் 'தூசி நீக்கம்', 'கூர்மையாக்கம்' இரண்டையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கம் தோள்பட்டி எண்ணையே தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். கூர்மையாக்கம் இருண்ட ஓரங்களைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு போடும், அதைக் காலாட்படையின் வெள்ளை ஓரக்கயிறு என்று எண்ணி ஏமாறுவது சுலபம். பழைய படத்தின் இருண்ட பகுதியில் கண்ணாடிபோல் நீலப் பளபளப்பு ஏறியிருந்தால் ஸ்கேனரில் அது வெறும் மூட்டமாகத்தான் விழும். அப்படிப்பட்ட படத்தை ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி கேமராவில் எடுப்பதே மேல்.

வண்ணமேற்றும் செயலிகளும் 'தெளிவாக்கும்' செயலிகளும் இந்த வேலைக்கு உதவாது என்பது எங்கள் தீர்ப்பு, அதில் தயக்கமே இல்லை. மங்கிய கழுகுச் சின்னத்தைச் செயலி தன் இஷ்டத்துக்கு வரைந்து தரும். இல்லாத பொத்தானை வைக்கும், இருந்த மடிப்பை இஸ்திரி போட்டு எடுத்துவிடும். சுவரில் மாட்டிக்கொள்ளலாம், சான்றாக வைத்துக்கொள்ள முடியாது.

இனி நிறத்தின் விளையாட்டு. முதல் போர்க்காலத் தகடுகளுக்கும் ஃபிலிமுக்கும் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, படத்தில் கருப்பாக விழும். நீலமோ வெளுத்து வெள்ளையாகிவிடும். இதனால் காலாட்படைத் தொப்பியின் சிவப்புப் பட்டையும் பீரங்கிப் படையின் கருப்புப் பட்டையும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பிக்கல்ஹாபே என்ற கூர்முனைத் தலைக்கவசத்தின் துணி உறையில் ரெஜிமென்ட் எண் முதலில் சிவப்பாகவும், 1914-ல் போர் தொடங்கியதும் பச்சையாகவும் இருந்தது. இந்த வேறுபாட்டை வைத்துக் காலம் குறிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. படத்தில் இரண்டுமே கருப்புத்தான்.

முதல் போர்த் தொப்பியில் மேலும் கீழுமாக இரண்டு வட்டச் சின்னங்கள் இருக்கும். மேலே இருப்பது பேரரசுக்கு: வெளியிலிருந்து உள்ளே கருப்பு, வெள்ளை, சிவப்பு. கீழே இருப்பது அந்தந்த மாநிலத்துக்கு. பிரஷ்யாவுக்குக் கருப்பு வெள்ளை கருப்பு, பவேரியாவுக்கு வெள்ளை நீலம் வெள்ளை, சாக்சனிக்கு வெள்ளை பச்சை வெள்ளை, வூர்ட்டம்பர்க்குக் கருப்பு சிவப்பு கருப்பு, பாடனுக்கு மஞ்சள் சிவப்பு மஞ்சள், ஹெஸ்ஸனுக்கு வெள்ளை சிவப்பு வெள்ளை. இந்தப் பட்டியலை அப்படியே படத்தோடு ஒப்பிடக் கூடாது. சிவப்பு கருப்பாகிவிடுவதால் மேல் வட்டமும் கீழ் வட்டமும் அச்சுப்போல ஒன்றாகத் தெரிந்தால் அவர் பிரஷ்யர். நீலம் வெளுத்துவிடுவதால் கீழ் வட்டம் வெள்ளை வில்லைபோல் தெரிந்தால் பவேரியராக இருக்கலாம். முழுக்க இருண்ட வில்லை என்றால் வூர்ட்டம்பர்க்கா பாடனா என்று வட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அங்கே பெல்ட் பக்கிளுக்கு இறங்குங்கள். பிரஷ்யப் பக்கிளில் 'காட் மிட் உன்ஸ்', பவேரியாவில் 'இன் ட்ரோய்ய ஃபெஸ்ட்', வூர்ட்டம்பர்க்கில் 'ஃபுர்க்ட்லோஸ் உண்ட் ட்ரூ', சாக்சனியில் லத்தீனில் 'புரொவிடென்டியே மெமோர்'. எழுத்து படிக்கவில்லை என்றாலும் அதன் நீளமும் வளைவும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

நிறம் இப்படி ஏமாற்றும்போது உறுதியாக நிற்பது தையல்தான். முதல் போரின் தொடக்கத்துச் சட்டையில் முன்புறம் எட்டுப் பொத்தான்கள் வெளியே தெரியும். கைமுனையில் செங்குத்தாக ஒரு துணிப்பட்டையும் அதில் மூன்று பொத்தான்களும் இருந்தால் அது பிராண்டன்பர்க் கைமுனை, பெரும்பாலான காலாட்படை ரெஜிமென்ட்கள் அணிந்தது. பட்டை இல்லாமல் நேரான மடிப்பில் இரண்டு பொத்தான்கள் இருந்தால் ஸ்வீடிஷ் கைமுனை. 1915-ல் சிக்கனம் வந்தது. முன்பொத்தான்கள் மூடிய துணிக்குள் மறைய, வெறும் மடிப்புக் கைமுனையோடு 'புளூசே' சட்டை செப்டம்பர் 1915 ஆணையில் அறிமுகமானது. மார்பில் பொத்தானே தெரியாத சட்டை என்றால் படம் அதற்குப் பிந்தியது. பவேரியர்களுக்கு 1916 முதல் இந்தச் சட்டைக் காலரின் ஓரத்தில் சாய்சதுரக் கட்டங்கள் போட்ட நாடா ஓடும், லூப்பில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். காலர் ஓரமாக ஒரு பொத்தான் தனியே இருந்தால் அவர் கெஃப்ரைட்டர், சாதாரணச் சிப்பாய்க்கு மேற்பட்ட பதவி. காலரில் மேலே ரோமன் எண்ணும் கீழே சாதாரண எண்ணும் உலோகத்தில் இருந்தால் அவர் லான்ட்ஷ்டுர்ம், அதாவது வயதானவர்களும் மிச்சமானவர்களும் சேர்ந்த காவல் படை. மேல் எண் ஆர்மி கோர், கீழ் எண் பட்டாலியன்.

இரண்டாம் போருக்கு வந்தால் மார்புப் பைகள்தான் நாட்காட்டி. 1936 மாதிரிச் சட்டையில் காலர் கரும்பச்சை, பைகளுக்கு நடுவே மடிப்பு, பை மூடிகள் அலை வளைவு, முன்னால் ஐந்து பொத்தான்கள். 1940 மாதிரியில் காலரும் உடல் துணியிலேயே வந்தது. பிறகு ஆறாவது பொத்தான் சேர்ந்தது. 1942 மாதிரியில் பை மடிப்பு போனது. 1943 மாதிரியில் மூடியின் வளைவும் போய் நேர்கோடானது. 1944 மாதிரி இடுப்போடு நிற்கும் குட்டைச் சட்டை, மார்பில் இரண்டே பைகள். துணியும் தையல் நேரமும் குறையக் குறைய அலங்காரமும் உதிர்ந்தது. இந்த ஓட்டம் பிடிபட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. 1943 மாதிரிச் சட்டை தெரிந்தால் 'இதற்கு முந்தியதல்ல' என்று எழுதலாம். 1936 மாதிரி தெரிந்தால் 'இதற்குப் பிந்தியதல்ல' என்று எழுதக் கூடாது. பழைய சட்டை கிழியும்வரை உடலில்தான் இருந்தது. கரும்பச்சைக் காலர் பழைய சிப்பாய் என்பதற்கு அடையாளம் என்று அதைப் பெருமையாக வைத்திருந்தவர்கள் உண்டு. புதுச் சட்டையில் தையற்காரரிடம் கொடுத்துப் பழைய பாணிக் காலர் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

சின்னங்களுக்கும் இதே கணக்குத்தான். தரைப்படைச் சட்டையின் வலது மார்பில் கழுகு வந்தது 1934-ல். ஹெல்மெட்டின் வலப்பக்க மூவர்ணக் கேடயத்தை எடுக்கச் சொன்னது மார்ச் 1940-ல், இடப்பக்கக் கழுகை எடுக்கச் சொன்னது ஆகஸ்ட் 1943-ல். ஆணை வந்த மறுநாளே எல்லோரும் சுரண்டிவிடவில்லை. மடிப்புத் தொப்பியின் முன்னால் வட்டச் சின்னத்தைச் சுற்றி இருந்த கூரை வடிவக் கயிறு ஜூலை 1942-ல் நீங்கியது. முன்னால் இரண்டு பொத்தானும் நீண்ட முகப்பும் உள்ள தொப்பி 1943 மாதிரி. மலைப்படையின் தொப்பியும் தூரத்திலிருந்து இப்படித்தான் தெரியும். தொப்பியின் இடப்பக்கத்திலும் வலது கையிலும் எடல்வைஸ் பூ இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

பொத்தான் துளையில் செருகிய ரிப்பனைத் தவறவிடாதீர்கள். நடுவில் மெல்லிய வெள்ளை கருப்பு வெள்ளைக் கோடு, இருபுறமும் ஒரே நிறம் என்றால் அது கிழக்கு முனை குளிர்காலப் பதக்கம், மே 1942-ல் ஏற்படுத்தப்பட்டது. படம் அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. இரும்புச் சிலுவை ரிப்பனில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1914 ரிப்பனின் நடு கருப்பு, 1939 ரிப்பனின் நடு சிவப்பு. சிவப்பைக் கருப்பாக்கும் ஃபிலிமில் இரண்டுக்கும் வேறுபாடு நிறத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. 1914-ன் வெளி ஓரக் கருப்பு நூல் அளவுக்கு மெல்லியது, 1939-ல் அது தெளிவான பட்டை.

மண்டையோட்டைப் பார்த்ததும் எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் படை) என்று எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு. டாங்கிப் படையின் கருப்புக் குட்டைச் சட்டையில் காலரின் இரு பக்கமும் மண்டையோடு உண்டு. அது தரைப்படை. சந்தேகம் வந்தால் கழுகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலது மார்பில் இருந்தால் தரைப்படை, இடது மேற்கையில் இருந்தால் எஸ்எஸ்ஸின் போர்ப் பிரிவான வாஃபன் எஸ்எஸ், இடது கையிலேயே இலை வளையத்துக்குள் இருந்தால் போலீஸ். காலரில் பறவைச் சின்னம் இருக்கும் விமானப்படைக்காரரை 'விமானி' என்று குடும்பத்தார் சொல்வார்கள். விமானப்படைச் சீருடை அணிந்தவர்களில் பெரும் பங்கினர் தரையில் நின்று விமான எதிர்ப்புப் பீரங்கி இயக்கியவர்கள். விமானி என்றால் இடது மார்பில் அதற்கான பேட்ஜ் இருக்க வேண்டும். இடது கையில் ஸ்வஸ்திகாப் பட்டையும் உச்சி பள்ளமான தொப்பியும் கண்டால் அவர் சிப்பாயே அல்ல, பெரும்பாலும் நாஜி அரசின் தொழிலாளர் சேவையில் இருந்த இளைஞர்.

இந்தக் கழுகுச் சோதனைக்கு முன்னால் படம் இடம் வலம் மாறி அச்சாகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள் நிறைய. ஆண் சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும், துப்பாக்கிக் கத்தி இடது இடுப்பில் தொங்க வேண்டும், பக்கிள் எழுத்து நேராக இருக்க வேண்டும். மூன்றும் தலைகீழாக இருந்தால் படத்தைத் திருப்பிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பதவியை எடுப்பது ஒப்பீட்டில் சுலபம். இடது கையில் ஒரு 'வி' பட்டை கெஃப்ரைட்டர், இரண்டு என்றால் ஓபர்கெஃப்ரைட்டர். காலரிலும் தோள்பட்டியிலும் ஜரிகைப் பட்டை ஓடினால் உண்டர் ஆஃபிசியர் வகுப்பு, அதாவது சிப்பாய்க்கு மேலும் அதிகாரிக்குக் கீழுமான நிலை. இரு கைமுனைகளிலும் இரட்டை ஜரிகை வளையம் இருந்தால் அது பதவியல்ல, கம்பெனியின் நிர்வாகப் பொறுப்பு. அவரைச் சிப்பாய்கள் 'ஷ்பீஸ்' என்பார்கள்.

நம் பக்கத்துக்கு நேர் தொடர்பு உள்ளவை இரண்டு. வலது மேற்கையில் பாயும் புலிக் கேடயமும் 'ஃப்ரைஸ் இண்டியன்' என்ற எழுத்தும் இருந்தால் அவர் ஜெர்மன் சீருடையில் இருந்த இந்திய லீஜன் வீரர். மற்றது கடற்படைத் தொப்பி ரிப்பனில் 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22-ல் சென்னையைச் சுட்ட கப்பல் என்று துள்ளிவிட வேண்டாம். அது மூழ்கிய பிறகு 1916-லும் 1925-லும் அதே பெயரில் கப்பல்கள் வந்தன. பெயருக்கு முன் 'எஸ்.எம்.எஸ்.' (மாமன்னரின் கப்பல்) இருந்தால் பேரரசுக் காலம். அப்போதும் முதல் எம்டனா இரண்டாம் எம்டனா என்று ரிப்பன் சொல்லாது. இரண்டாம் போர் தொடங்கியபின் ரிப்பனில் கப்பல் பெயரே இல்லை, 'கிரீக்ஸ்மரீன்' (போர்க் கடற்படை) மட்டும்தான்.

ரெஜிமென்ட் எண் கிடைத்தாலும் ஆளின் பெயர் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பிரஷ்யப் படையின் முதல் போர் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. பவேரியாவுக்கு மியூனிக்கில் படைப் பதிவேடுகள் பிழைத்திருக்கின்றன. அதனால் அந்த நாடாக் காலரும் வெள்ளை வில்லையும் வெறும் ரசனைக்கான விவரமல்ல, தேடலுக்கு வாசல் இருக்கிறதா என்பதையே அவைதான் முடிவு செய்யும். இரண்டாம் போர் வீரர்களுக்கு பெர்லினில் இருந்த பழைய டாய்ச்ச டீன்ஸ்ட்டெல்லே என்ற சிப்பாய் பதிவு அலுவலகம் 2019 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு இணைந்துவிட்டது. விண்ணப்பத்தில் பெயரோடு பிறந்த தேதியும் இருந்தால்தான் தேடல் நகரும்.

கடைசியாகப் படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க எழுத்து பென்சிலிலோ ஊற்றுப் பேனாவிலோ, பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருந்தால் மதிப்பு அதிகம். அந்த எழுத்தில் 'e' பார்வைக்கு 'n' போலிருக்கும், ஊர்ப் பெயர்கள் அதில்தான் கெட்டுப்போகும். பால்பாயின்ட் பேனாவில் 'தாத்தா, ரஷ்யா, 1941' என்று இருந்தால் அது போருக்குப் பின் வீட்டில் யாரோ நினைவிலிருந்து எழுதியது. சட்டையில் நேர்கோட்டுப் பை மூடி இருந்தால், பை சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவை எழுத 2பி பென்சிலும் தனிக் காகித உறையும் போதும். படத்தின் முதுகில் எதையும் எழுதாதீர்கள்.