டைக்ளோ பேட்ச் ஆர்டர் போட்டால் மிளகாய் பிளாஸ்டர் வருகிறது, உஷார்

1,340 ரூபாய். வலிக்குத் தோலில் ஒட்டும் பத்து டைக்ளோஃபினாக் (டைக்ளோ) பேட்சுக்குக் கட்டிய காசு. வந்து இறங்கியதோ, இடுப்புப் பிடிப்புக்கு ஒட்டுகிற, துளை துளையாக இருக்கும் காரப் பிளாஸ்டர். விற்றது மருந்து டெலிவரி செய்யும் ஓர் ஆப். பெயர் வேண்டாம், நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள்.

முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பெரியவருக்கு ஏற்கெனவே வயிற்றுப் புண். அதனால் வலி மாத்திரையைத் தவிர்த்து டாக்டர் எழுதியது: டைக்ளோஃபினாக் டைஎத்திலமைன் டிரான்ஸ்டெர்மல் பேட்ச் 200 மி.கி., நாளுக்கு ஒன்று, கட்டின்மேல் அல்ல, அதற்கு மேற்புறம் தொடைத் தோலில். இரவு பதினொரு மணிக்குச் சீட்டைப் படம் எடுத்து ஏற்றினால், இரண்டே நிமிடத்தில் பச்சை டிக்: 'மருந்தாளுநர் சரிபார்த்துவிட்டார்.' படத்திலும் 200 மி.கி. பெட்டிதான். அந்த டிக்கை நம்பித்தான் பணம் போனது. இரண்டு நிமிடத்தில் எந்த மருந்தாளுநர் எந்தச் சீட்டைப் படித்தார்?

பெட்டிமேல் 'டைக்ளோ 200' என்று ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் 'கேப்சிகம் (அதாவது மிளகாய்), மெந்தால், மெத்தில் சாலிசிலேட்'. பத்தும் ஒரே மெல்லிய பிளாஸ்டிக் கவரில். உண்மையான டைக்ளோ பேட்ச் பொதுவாகச் சீல் வைத்த அலுமினிய உறையில் வரும். உறையிலேயே மருந்தின் பெயர், அளவு, தயாரிப்புத் தொகுதி எண் (batch number), காலாவதி தேதி எல்லாம் இருக்கும்.

'ரெண்டும் வலிக்குத்தானே' என்று நினைக்காதீர்கள். டைக்ளோஃபினாக், வீக்கத்தையும் வலியையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது. 24 மணி நேரம் தோல் வழியாக மெதுவாக இறங்குகிறது. மிளகாய்க் காரம் நரம்பில் எரிச்சலைக் கிளப்பி வலியை மறக்கடிக்கும், அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன் மழித்துவிட்ட தொடையில் அதை ஒட்டினால் தோல் வெந்துபோகலாம். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். ஸ்டிக்கர் ஒட்டியவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்ன?

புகார் கொடுத்த கதை இன்னும் கேவலம். சாட்டில் முதல் பதில்: 'மருந்துப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை.' அனுப்பியதே வேறு பொருள் என்றால், 'பாக்கெட் பிரிச்சிட்டீங்களே சார்.' பிரிக்காமல் எப்படித் தெரியும்? பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டுமாம். அடுத்து போன் போட்டால், 'இதுவும் பெயின் ரிலீஃப்தான் சார், யூஸ் பண்ணிப் பாருங்க.' பச்சைப் புண்ணோடு இருப்பவருக்கு! மூன்றாவது ஆள் விற்பனையாளர்மேல் பழியைப் போட்டார், '48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க' என்றார். ஒருவரும் கூப்பிடவில்லை. புகார் மட்டும் 'தீர்க்கப்பட்டது' என்று தானாகவே மூடிக்கொண்டது. 1,340 ரூபாய் அவர்களிடம்தான் இருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு அவசரமாக இவ்வளவுதான். டெலிவரி ஆள் நிற்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். முடிந்தால் பில் கொடுக்கும் பக்கத்து மெடிக்கலிலேயே வாங்குங்கள். பில்லில் தொகுதி எண் இருக்கிறதா, அது உறையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். 200 கிடைக்கவில்லை என்று கடைக்காரர் 100 கொடுத்தால் டாக்டரிடம் கேட்காமல் இரண்டாக ஒட்டாதீர்கள். வெட்டியும் ஒட்டாதீர்கள், பேட்சின் பரப்பளவுதான் டோஸ்.

சரியான பேட்சே வந்தாலும் தையல்மேல் ஒட்டக் கூடாது. ஈரமில்லாத, காயமில்லாத தோலில் அரை நிமிடம் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஊசிபோல உடனே வலியைக் குறைக்காது, சில மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு இன்னொன்றை ஒட்டாதீர்கள், ஐபுரூஃபன் வலி மாத்திரையும் சேர்த்துப் போடாதீர்கள். மேலே வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் ஒவ்வாமை, இதய பைபாஸ் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கழற்றியதைப் பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்துப் போடுங்கள், குழந்தைகள் எடுத்துவிடும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தாகிவிட்டது. ஸ்டிக்கர் பாதி கிழிந்த அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை, மருந்து ஆய்வாளரிடம் கொடுக்க அப்படியே வைத்திருக்கிறேன்.